சாளரத்தின் முன்னே ஒரு துளி இரத்தம்

மஞ்சட்காமாலை என்ற சொல் காதில் விழுந்தவுடனே நம்மவர் வீடுகளில் மூத்தோர் செய்யும் முதற்காரியம், நோயாளியின் கீழிமையை விரலால் இழுத்து விழியின் நிறத்தைப் பார்ப்பதாகும். விழி மஞ்சளாயிருந்தால் கீழ்க்காய்நெல்லி தேடி வேலியோரத்துக்கு ஆள் போகும். எண்ணெய்ப் பலகாரம் அடுப்பங்கரையை விட்டு நீங்கும். விழி வெண்மையாயிருந்தாலோ, ஈரலுக்கு ஒரு குறையுமில்லை என்று வீட்டார் நிம்மதியடைவர். இந்த நிம்மதி எப்பொழுதும் பொருந்துவதன்று. ஈரலைப் பற்றும் நோய்களுள்ளே ஒன்று, பெரும்பாலோரிடத்தில் விழியை மஞ்சளாக்குவதுமில்லை. வலியெழுப்பி ஆளைக் கட்டிலிற் கிடத்துவதுமில்லை. இருபது முப்பது ஆண்டுகள் அரவமின்றி உள்ளே குடியிருந்து, ஈரலைத் தழும்பேற்றி இறுகச் செய்து, சிலரிடத்தில் புற்றுநோய்க்கும் வழிவகுத்துவிடுகின்றது. ஹெபடைட்டிஸ் சி என்பது அதன் பெயர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் ஐந்து கோடிப் பேர் இந்நோயை உடலிற் சுமந்திருந்தனர். அவ்வாண்டில் மாத்திரம் ஏறத்தாழ 242,000 பேர் இதனால் மாண்டனர். தாம் நோயாளர் என்பதையே அறியாதவர்கள் அவர்களுட் பலர். இரத்தத்தைப் பரிசோதித்தாலன்றி இதனை அறிய வேறு வழியில்லை. அந்தப் பரிசோதனை எவருக்கு மிகுதியும் வேண்டப்படுகின்றதோ, அவர்களுடைய கைக்கு அஃது எட்டாமற் போவது எவ்வாறு? ஐக்கிய அமெரிக்காவின் போதை மீட்புச் சிகிச்சை நிலையங்களிலே நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனை ஆராயப் புகுகின்றோம்.

பெயரில்லாதிருந்த நோய்

நோய் பழையதாயினும் அதன் பெயர் புதியது. இரத்தம் ஏற்றப்பெற்ற நோயாளர் சிலருக்குப் பின்னர் ஈரல் அழற்சி காண்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். ‘ஏ’, ‘பி’ என்னும் இரண்டு வைரசுகளும் அறியப்பட்ட பிறகும் அந்த மர்மம் தீரவில்லை. அமெரிக்க வைத்தியர் ஹார்வி ஆல்ட்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1975இல் அந்நோயாளரின் இரத்தத்தை ஆராய்ந்து, இது ஏயும் அன்று, பியும் அன்று என்று நிறுவினர். அதுவே பெயராகவும் நிலைத்தது. ‘ஏ அல்லாத பி அல்லாத’ நோய் என்று, இல்லாததைச் சொல்லி உள்ளதைக் குறிக்கும் அந்த விசித்திரப் பெயருடனேயே அது பதினான்கு ஆண்டுகள் உலாவியது. 1989இல் மைக்கல் ஹௌட்டனும் அவருடன் உழைத்தோரும் கலிபோர்ணியாவில் அந்த வைரசை இனங்கண்டனர். இந்த ஒரு வைரசே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதைச் சார்ள்ஸ் றைஸ் 1997இல் மெய்ப்பித்தார். மூவரும் 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வைரசு அகப்பட்டதும் பரிசோதனை முறையும் பிறந்தது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் இரத்த வங்கிகள் அதனைக் கையாளலாயின. இரத்தம் ஏற்றுவதனால் வரும் ஆபத்து செல்வ நாடுகளிலே ஏறக்குறைய ஒழிந்தது. எஞ்சிய பெருவழி ஒன்றுதான்: ஒருவர் குத்திய ஊசியை மற்றொருவர் குத்திக்கொள்வது. ஊசி மாத்திரமன்று, மருந்தைக் கரைக்கும் கரண்டியும், நீரும், வடிகட்டும் பஞ்சுங்கூட இந்த வைரசைச் சுமக்கவல்லன. ஆதலினாற்றான் ஹெரோயின் முதலிய போதைப்பொருள்களை ஊசியால் ஏற்றிக்கொள்வோரிடையே இது காட்டுத்தீப் போற் பரவியது. 2017இல் வெளிவந்த உலகளாவிய கணிப்பொன்று, அத்தகையோரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் இரத்தத்தில் இதன் சுவடு உண்டென்று காட்டியது.

அமெரிக்காவில் இத்துன்பம் இன்னொரு வாசலாலும் நுழைந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து வைத்தியர்கள் தாராளமாக எழுதிக்கொடுத்த நோவு மாத்திரைகளுக்கு அடிமையானோர் பலர் பின்னர் ஊசிக்கும் ஹெரோயினுக்கும் இறங்கினர். 2010க்கும் 2015க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அந்நாட்டில் அறிவிக்கப்பட்ட புதிய ஹெபடைட்டிஸ் சி தொற்றுகள் ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகின. அவ்வாறு தொற்றுக்குள்ளானோரிற் பெரும்பாலோர் இளைஞர்.

காலை நேரத்து வரிசை

அபின் குடும்பத்துப் போதைப்பொருள்களிலிருந்து ஒருவரை மீட்கும் வழிகளுள்ளே நன்கு சோதிக்கப்பட்டது மெதடோன் சிகிச்சையாகும். நியூயோர்க் நகரின் றொக்கபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்திலே வின்சன்ற் டோல் என்பவரும் மேரி நைஸ்வாண்டர் என்னும் பெண் வைத்தியரும் 1964இல் இதனைத் தொடக்கினர். மெதடோனும் அபின் இனத்ததே. எனினும் வாயால் உட்கொள்ளப்படுவது. மெல்லச் சென்று ஒரு நாள் முழுவதும் நின்று, போதையின் ஏற்ற இறக்கமின்றி உடலின் ஏக்கத்தைத் தணிப்பது. அதனை ஒழுங்காக அருந்துவோர் ஊசியை நாடுவது குறைகின்றது. அளவு மீறி இறப்பதும் குறைகின்றது. ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா என்று முகஞ்சுளிப்பார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். நீரிழிவுக்காரர் தினந்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்வதை எவரும் அவ்வாறு சொல்லக் காணோம்.

ஆயினும் அமெரிக்கச் சட்டம் இந்த மருந்தை மற்ற மருந்துகளோடு வைக்கவில்லை. போதை மீட்புக்கான மெதடோனைத் தெருவோர மருந்துக்கடையிற் பெற முடியாது. அதற்கென அனுமதி பெற்ற நிலையத்துக்கே போதல் வேண்டும. அத்தகைய நிலையங்கள் நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவை. அவற்றை நாடுவோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். பல நிலையங்கள் விடியுமுன்னரே திறக்கப்படும். வேலைக்குப் போகும் தச்சரும், பிள்ளையைக் கைப்பிடித்த தாயும், இரவு முழுவதும் தெருவிற் கழித்தவரும் ஒரே வரிசையில் நிற்பர். கண்ணாடிச் சாளரத்தின் அப்பால் இருக்கும் தாதி சிறு கிண்ணத்தில் மருந்தை வார்த்துக் கொடுப்பார். அவர் பார்த்திருக்கவே அதனைக் குடித்துவிடல் வேண்டும். அடுத்த நாளும் அவ்வாறே. மாதங்கள் ஆண்டுகளாகும், வரிசை மாத்திரம் மாறாது.

ஒரு வைத்தியசாலை தன் நோயாளரை இத்துணை அடிக்கடி காண்பது வேறெங்கேனும் உண்டோ? ஹெபடைட்டிஸ் சி மிகுதியாகவுள்ள ஒரு கூட்டத்தார், தாமாகவே நடந்து, நாள்தோறும் ஒரே தாதியின் முன் வந்து நிற்கின்றனர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுப்பதற்கு இதனினும் வசதியான இடத்தைக் கற்பனையாலும் அமைக்க முடியாது. இருந்தும் அந்நிலையங்களிற் பல அப்பரிசோதனையைத் தம்மிடத்திலே செய்வதில்லை. அந்நிலையங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இலாபத்துக்காக நடத்தப்படுபவை. அரசாங்க நிலையங்களைவிட அவற்றிலே பரிசோதனை அருமை.

சுவடும் விலங்கும்

பரிசோதனை என்பது ஒன்றன்று, இரண்டு. மாணவர்கள் இதனைக் கவனித்தல் நன்று. முதலாவது, வைரசை எதிர்க்க உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியைத் தேடுவது. இரண்டாவது, வைரசின் மரபுப் பொருளையே தேடுவது. வேட்டைக்காரன் மணலிலே காண்கின்ற சுவட்டைப் போன்றது முதலாவது. விலங்கு இவ்வழியாற் போயிற்று என்பதை மாத்திரம் அது சொல்லும். விலங்கு இன்னும் புதருக்குள் இருக்கின்றதா என்பதை இரண்டாவது பரிசோதனையே சொல்லவல்லது. தொற்றுக்குள்ளானோரிற் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர், மருந்தொன்றுமின்றியே ஆறு மாதங்களுக்குள் வைரசைத் துரத்திவிடுகின்றனர். அவர்களிடத்திலும் சுவடு அழிவதில்லை.

இதனால் விளையும் தீங்கு இருவகைப்பட்டது. முதற் பரிசோதனையோடு நின்றுவிட்டவர்களுள்ளே சிலர், இல்லாத நோயை இருப்பதாக எண்ணிப் பல்லாண்டு அஞ்சி வாழ்கின்றனர். வேறு பலர், முன்னரே பார்த்தாயிற்று, ஏதோ இருக்கிறதாம் என்று சொல்லிக்கொண்டு, உள்ளிருக்கும் மெய்யான நோயை வளரவிடுகின்றனர். ஒரே முறை எடுத்த இரத்தத்திலேயே இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துவிடலாம். அவ்வாறு செய்யாது, இரண்டாவதற்கு இன்னொரு நாள் வாருங்கள் என்பதனாலேயே வழியிற் பலர் தவறிப்போகின்றனர்.

இனி, நிலையங்கள் ஏன் தயங்கின என்பதைப் பார்ப்போம். அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் பொய்யென்று நாம் கூற வரவில்லை. மெதடோன் கொடுப்பதற்கென்று வாரத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் பெறும் நிலையத்துக்கு, பரிசோதனைக்கெனத் தனியாக ஒன்றும் கிடையாதிருக்கலாம். இரத்தம் எடுக்கத் தெரிந்த ஊழியர் இருப்பதில்லை. இருந்தாலும், ஆண்டுக்கணக்காக ஊசி குத்திக் குத்திச் சுருங்கிய இரத்தக் குழாய்களைக் கண்டுபிடிப்பது கைதேர்ந்தவர்க்கும் அரிது. கையிலும் காலிலும் பலமுறை குத்துண்டு வெட்கி எழுந்து போனவர் அடுத்த முறை அந்த நாற்காலியில் அமர மாட்டார். போதை மீட்பு பற்றிய ஏடுகளை நோயாளியின் சம்மதக் கையொப்பமின்றி வெளியே காட்டலாகாது என்ற சட்டமும் உண்டு. அது நோயாளியின் மானத்தைக் காக்க எழுந்த நல்ல சட்டமே. ஆனால் ஒரு நிலையத்தின் பெறுபேறு மற்றொரு வைத்தியரின் மேசையைச் சென்றடைய அதுவே தடையாகவும் நிற்கின்றது.

இவற்றையெல்லாம் கடந்து நோய் உண்டென்று தெரிந்தவரின் கையிலே ஒரு கடிதம் கொடுக்கப்படும்: ஈரல் வைத்திய நிபுணரைக் காண்க. நிபுணர் இருப்பது நகரின் மறுபுறத்தில். தவணை கிடைப்பது சில வாரங்களின் பின். அங்கே காத்திருக்கும் கூடத்திலே தாம் யாரென்று தெரிந்ததும் பிறருடைய பார்வை மாறுவதை இவர்கள் நன்கு அறிவர். கடிதம் சட்டைப் பையிற் கிடந்து மடிப்புக் கிழிந்து போவதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

“முதலிற் போதையை விடு”

வைத்திய உலகமும் இவர்களைத் தள்ளியே வைத்திருந்தது. இன்டர்பெறோன் என்னும் பழைய மருந்து வாரந்தோறும் ஊசியாக, பலருக்கு 48 வாரங்கள் ஏற்றப்படும். காய்ச்சலும் மனச்சோர்வும் அதனோடு கூடவே வரும். குணமாவோர் ஏறக்குறையப் பாதிப்பேரே. அந்த மருந்தைப் போதைப் பழக்கமுள்ளோருக்குக் கொடுக்கலாகாது என்று 1997இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய அறிஞர் குழு கருதியது. 2002இல் அக்கருத்துத் திருத்தப்பட்டு, ஆளுக்காள் ஆராய்ந்து தீர்மானிக்கலாம் என்றாயிற்று. மருந்தில்லாத நோய்க்குப் பரிசோதனை எதற்கு என்று நிலையங்கள் அக்காலத்தில் எண்ணியதை முற்றாகக் குறைகூற முடியாது.

2013ஆம் ஆண்டு டிசம்பரிலே நிலைமை தலைகீழாயிற்று. சோபொஸ்புவிர் என்னும் மாத்திரை அங்கீகாரம் பெற்றது. அதனைத் தொடர்ந்து வந்த கூட்டு மருந்துகளை எட்டு முதல் பன்னிரண்டு வாரம், நாள்தோறும் விழுங்கினால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமடைகின்றனர். நாட்பட்ட வைரசுத் தொற்றொன்றை உடலிலிருந்து வேரோடு களைவது வைத்திய வரலாற்றிலே சிறிய காரியமன்று. ஆனால் விலை? அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டொலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டொலர். திகைத்த மாநில அரசாங்கங்கள் ஏழைகளுக்கான காப்புறுதித் திட்டத்திலே வேலிகளை எழுப்பின. ஈரல் பெரிதும் பழுதான பின்னரே மருந்து என்றன சில. ஆறு மாதம் போதையின்றி இருந்து காட்டினாலே மருந்து என்றன பல. போட்டி மருந்துகள் வந்து விலை இறங்கவும், வழக்குகளும் கண்டனங்களும் எழவும், அவ்வேலிகளிற் பெரும்பாலானவை பின்னர் அகற்றப்பட்டன.

வேலிக்கு அவர்கள் சொன்ன நியாயம், போதைக்காரர் மாத்திரையை ஒழுங்காக விழுங்க மாட்டார் என்பது. அதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. மெதடோன் போன்ற சிகிச்சை பெறுவோர் முந்நூற்றுவருக்குப் புதிய மருந்தைக் கொடுத்து ஆராய்ந்த அறிக்கை 2016இல் வெளிவந்தது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் சிகிச்சை தொடங்கும்போதும் வேறு போதைப்பொருள் பாவித்திருந்தனர். எனினும் பத்துக்கு ஒன்பது பேர் குணமடைந்தனர். நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் மூன்று மெதடோன் நிலையங்களில் 150 பேரிடம் நடத்திய ஆய்வொன்றும், 2019இல், நூற்றுக்கு 90க்குக் குறையாத வெற்றியையே காட்டிற்று. தாதி பார்த்திருக்க மாத்திரையை விழுங்கியவர்களிடத்தில் அது 98 ஆயிற்று.

பன்னிரண்டு நிலையங்களிற் கண்ட உண்மை

எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது 2024இல் வெளிவந்த வேறோர் ஆய்வு. நியூயோர்க் மாநிலத்தின் பல பகுதிகளிலுள்ள பன்னிரண்டு மெதடோன் நிலையங்களில், பஃபலோ பல்கலைக்கழகத்து அன்றூ தலாலும் அவருடைய கூட்டத்தாரும் 602 நோயாளரைக் கொண்டு இதனை நடத்தினர். ஆய்வின் கேள்வி மிக எளியது: நோயாளரை நிபுணரிடம் அனுப்புவதா, நிபுணரை நோயாளரிடம் கொண்டுவருவதா?

ஒரு பகுதியார்க்கு, வழக்கம்போலக் கடிதம் கொடுத்து வெளியே அனுப்பினர். மறு பகுதியார், தாம் நாள்தோறும் வரும் அதே நிலையத்தின் ஓர் அறையிலே அமர்ந்து, தொலைக்காட்சித் திரை போன்ற ஒன்றிலே ஈரல் வைத்தியரோடு முகம்பார்த்துப் பேசினர். அவர் எழுதிய மாத்திரைகள் நிலையத்துக்கே வந்து சேர்ந்தன. மெதடோன் கிண்ணத்தோடு அதே சாளரத்தாற் கொடுக்கப்பட்டன. கடிதம் பெற்ற 312 பேருள் மருந்து தொடங்கியோர் 126 பேர். அறையில் அமர்ந்த 290 பேருள் தொடங்கியோர் 268 பேர். குணமடைந்தோர் முன்னையவரில் நூற்றுக்கு 39. பின்னையவரில் நூற்றுக்கு 90.

இரண்டு கூட்டத்தாரும் ஒரே தன்மையோர், ஒரே நோய், ஒரே மாத்திரை. வேறுபட்டது அவர்கள் நடக்க வேண்டியிருந்த தூரம் மாத்திரமே. ஆண்டுக்கணக்காக, “இவர்கள் வரமாட்டார்கள்” என்று சொல்லப்பட்டது யாரைப் பற்றி? நாள் தவறாமல் விடியற்காலையில் வந்துநிற்பவர்களைப் பற்றி.

ஸ்கொத்லாந்திலே மெதடோனைச் சாதாரண மருந்துக்கடைகளே கொடுத்துவருகின்றன. அங்கே மருந்தாளரே விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பித்து, மாத்திரையையும் தாமே கொடுத்தபோது, குணமடைந்தோர் தொகை வழக்கமான முறையினதைப் போல இரு மடங்கைத் தாண்டிற்று. வைத்திய நிபுணரின் வாசல் வரைக்கும் ஒருவரும் போக வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிலையம் 2020இல், பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளல் வேண்டும் என்றும், ஊசியாற் போதை ஏற்றுவோர் காலத்துக்குக் காலம் செய்துகொள்ளல் வேண்டும் என்றும் விதந்துரைத்தது. ஒரு முறை குணமடைந்தவரை நோய் மீண்டும் பற்றலாம். இதற்குத் தடுப்பூசி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆதலால் சாளரத்தின் முன் ஒரு துளி என்பது ஒரு நாளோடு முடியும் வேலையுமன்று.

கருவிகளும் முன்னேறிவிட்டன. விரல் நுனி இரத்தத்திலே சுவட்டைத் தேடி இருபது நிமிஷத்திற் சொல்லும் கருவி 2011 முதல் அங்கே உண்டு. விலங்கையே தேடி ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திற் சொல்லும் இயந்திரத்துக்கு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அனுமதி கிடைத்தது. பெரிய ஆய்வுகூடமும் வேண்டாம், சுருங்கிய இரத்தக் குழாயைத் தேடவும் வேண்டாம். எனினும் ஒரு மணித்தியாலம் என்பது வேலைக்கு விரையும் தச்சருக்கு நீண்ட நேரம். வரிசையிற் சேரும்போதே விரலிற் குத்தி, மருந்து குடித்து ஆலோசகரோடு பேசி எழும்போது பெறுபேற்றைக் கொடுத்தாலன்றி, அவர் காத்திரார்.

இன்னொன்றும் உண்டு. 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நிலையத்திற் சேர்ந்து ஒரு மாதம் கடந்தவர், வைத்தியர் தக்கவரெனக் கண்டால், 28 நாளுக்கு வேண்டிய மெதடோனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வேலையும் குடும்பமும் உள்ளவர்க்கு இது பெரும் விடுதலை. நாமும் அதனை வரவேற்கின்றோம். ஆனால் நாள்தோறும் நீண்ட வரிசை இனி மாதத்துக்கு ஒருமுறையாகக் குறையும். தாதியும் நோயாளியும் காணும் நாட்கள் அருகும். சேர்ந்த முதல் பதினான்கு நாளுக்குள்ளே முழு உடற்பரிசோதனை செய்தாக வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அந்தப் பதினான்கு நாளுக்குள் இரத்தம் சோதிக்கப்பட்டு நோயும் உறுதியாகிவிட்டால், இன்றுள்ள மாத்திரைகளுள் ஒன்றுக்கு வேண்டிய காலம் எட்டு வாரம், அதாவது 56 நாள். மெதடோன் போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு முறை வரும்போது, அவற்றோடு அதே பையில் இந்த மாத்திரைகளையும் போட்டுக் கொடுத்துவிடலாம்.